மூணாம் மாடிச் சமையல்

– இல்ல டீச்சர், நீங்களே சொல்லிடுங்க. நான் துணி வெட்டுறவ. ஆளை வெட்டி விடுற வேலையெல்லாம் எனக்குக் கை வராது.

– நல்லா இருக்கே கதை! நேத்து போன்ல முக்கால் மணி நேரம் வீரவசனம் பேசினது யாரு? “இனிமே மூணாம் மாடி சாப்பாடு என் வாசப்படியைத் தாண்டக் கூடாது”ன்னு சொன்னது உங்க தையல் மிஷினா?

– அது போன்ல. போன்ல யாரு வேணாலும் வீரமா பேசலாம். கொஞ்சம் நில்லுங்க, மூச்சு வாங்குது. இந்தப் படியைக் கட்டினவன் கண்டிப்பா கீழ் வீட்டுலதான் குடியிருந்திருப்பான்.

– நில்லுங்க. ஆனா குரலைத் தாழ்த்துங்க, மேல கேக்கும். மறுபடியும் பாயிண்ட் பாயிண்ட்டா சொல்றேன். ஒண்ணு, மூணு வீடும் முறை வச்சு சமைக்கலாம்னு ஆரம்பிச்சது யாரு? நான். திங்கள், செவ்வாய் மூணு வீட்டுக்கும் நான் சமைக்கிறேன். புதன், வியாழன் நீங்க. வெள்ளி, சனி அவங்க. மத்த நாள்ல அவங்கவங்க சோறு மட்டும் வடிச்சுக்கிட்டா போதும், குழம்பும் காயும் டப்பாவுல வாசலுக்கே வந்துடும். சரியா?

– சரிதான் டீச்சர். நான் என்ன உங்க ஏழாங்கிளாஸா? எட்டு மாசமா அதைத்தானே சாப்பிடறேன்.

– ரெண்டு, இதனால என்ன லாபம்? வாரத்துல நாலு நாள் குழம்பு, காய்னு அடுப்புல நின்னு வேக வேண்டாம். அந்த நேரத்துல நீங்க ரெண்டு யூனிபார்ம் கூடுதலா தைக்கறீங்க. நான் ஒரு கட்டுப் பேப்பர் திருத்தறேன். காய் கடைக்கு வாரத்துக்கு ஒரே நடை. மொத்தமா வாங்கறதால விலையும் குறைச்சல்.

– நான் இல்லைன்னேனா? எங்க வீட்டுக்காரரே சொல்றாரு, டீச்சரைத் தூக்கி நிதி மந்திரியா உட்கார வைக்கணும்னு. அவருக்கென்ன, டப்பாவைக் கழுவி வைக்கிறதோட அவர் வேலை முடிஞ்சுது. அதுவும் நான் முறைச்சாத்தான்.

– மூணு. இவ்வளவு அழகா ஓடுற வண்டியில ஒரு சக்கரம் மட்டும் ஏன் கோணலா ஓடணும்? வெள்ளிக்கிழமை ஆனா எங்க வீடு பரீட்சை ஹால் மாதிரி ஆயிடுது. ஒருத்தரும் வாயைத் திறக்கறதில்லை. என் பொண்ணு டப்பாவை எட்டிப் பார்த்துட்டு, “அம்மா, வயிறு வலிக்குது”ங்கறா. இன்னும் ஒரு வாய்கூட வைக்கலை!

– எங்க மாமியார் அதுக்கும் மேல. வெள்ளியும் சனியும் மட்டும் கஞ்சி குடிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காராம். எந்த டாக்டருன்னு கேட்டா காது கேக்காத மாதிரி இருந்துக்கறாங்க.

– அந்த உப்பு இருக்கே! அது பருப்பா, கடலா? மேல எண்ணெய் ஒரு விரக்கடை மிதக்குது. அதை வழிச்சு எடுத்தா உங்க மிஷினுக்கு ஒரு வருஷம் போடலாம்.

– உப்பா? எங்க டப்பாவுல உப்புன்னு ஒண்ணைப் பார்த்ததாவே ஞாபகம் இல்லையே டீச்சர். காரமும் கிடையாது. ஆபரேஷன் முடிஞ்சு மூணாம் நாள் ஆஸ்பத்திரியில குடுப்பாங்களே, அதுகூட இதைவிட உசத்தி. காயெல்லாம் ஸ்கேல் வச்சு அளந்து வெட்டின மாதிரி ஒரே அளவுல இருக்கு, ருசிதான் ஆப்சென்ட்.

– அதெப்படி, ஒரே பானையில சமைச்சது எனக்கு உப்பாவும் உங்களுக்குச் சப்பாவும் இருக்கும்?

– கிளறியிருக்க மாட்டாங்க. உப்பெல்லாம் அடியில தங்கிடும். மேலாப்புல எடுத்தது எனக்கு, அடியில வழிச்சது உங்களுக்கு.

– அதேதான். கிளறக்கூட சோம்பல். நமக்கு மட்டும் என்ன நேரம் கொட்டிக் கிடக்கா? உங்க கைப்பக்குவம் எங்க, இவங்க சமையல் எங்க! உங்க புதன்கிழமைப் பருப்புக்கு எங்க வீட்டுல அடிதடி நடக்குது, தெரியுமா?

– சும்மா சொல்லாதீங்க டீச்சர். உங்க காய் வந்த அன்னிக்குத்தான் எங்க மாமியார் என்னையே மருமகள்னு மதிக்கறாங்க. இருந்தாலும், பாவமா இல்லை? அவங்க வீட்டுல நாலு பேர். திடீர்னு நிறுத்தினா...

– அதான் சொல்றேன். நம்ம ரெண்டு வீட்டுலயும் மூணு மூணு பேர். அவங்க வீட்டுக்கு மட்டும் நாலு பங்கு போகுது. அவர் ஒருத்தர், ரெண்டு தடிப்பசங்க, அவங்க. வாங்கிக்கும்போது நாலு பங்கு, குடுக்கும்போது இந்த லட்சணம். பாவம் பார்த்தா நம்ம நாக்குதான் பாவம். பெல் அடிங்க.

– நீங்க அடிங்க.

– கையைத் தூக்கி ஒரு பெல் அடிக்கக் கூடவா ஆள் வேணும்? தள்ளுங்க, நானே அடிச்சுக்கறேன்.

– அடடே, ரெண்டு பேரும் ஜோடியா! என்ன விசேஷம்? வாடகையை ஏத்திட்டாங்களா, இல்லை கட்டிடம் இடியப் போகுதா? உள்ள வாங்க.

– இருக்கட்டும்க்கா, நின்னுக்கிட்டே பேசறோம். ரெண்டு நிமிஷ வேலைதான்.

– ரெண்டு நிமிஷ வேலைக்கு ரெண்டு ஆளா? அப்போ பெரிய விஷயம்தான். டீச்சரம்மா, அந்த நாற்காலியில இருக்கற பேப்பரைத் தள்ளிட்டு உட்காருங்க. தையலம்மா, நீங்க இப்படி வாங்க.

– வீடு ரொம்ப அமைதியா இருக்கே. பசங்க இல்லையாக்கா?

– வெளியில போயிருக்காங்க. நீங்க வந்த விஷயத்தைச் சொல்லுங்க.

– அது வந்துக்கா... டீச்சர் சொல்லுவாங்க.

– நானா? சரி. பாயிண்ட் நம்பர் ஒண்ணு, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அடுத்த வாரத்துல இருந்து நாங்க ரெண்டு வீடு மட்டும் முறை வச்சுக்கலாம்னு இருக்கோம். ஆளுக்கு மூணு நாள்.

– ஓ. என்னைக் கழட்டி விடறீங்க.

– ஐயையோ, அப்படியெல்லாம் இல்லைக்கா. கொஞ்சம் சைஸ் குறைச்சுத் தைக்கறோம், அவ்வளவுதான்.

– நான் வெட்டிப் போட்ட துண்டு. புரியுது தையலம்மா, நல்லா பக்குவமா சொன்னீங்க. ஆனா நான் ஒண்ணு கேட்டுக்கறேன். எதுல குறைன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன். ஒரேயடியா நிறுத்திடாதீங்க. அந்த டப்பா வரலைன்னா எனக்கு ரொம்பக் கஷ்டம்.

– கஷ்டம் எல்லாருக்கும்தான் இருக்கு. பாஸ் மார்க்குக்கு ஒண்ணு ரெண்டு குறைஞ்சா கூட்டிப் போடலாம். முட்டை வாங்கினவங்களுக்கு நான் எங்க போய்க் கூட்டறது?

– சரி டீச்சரம்மா, நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்க. நேத்து அனுப்பின பருப்புல என்ன தப்பு?

– நீங்க கேக்கறதாலதான் சொல்றேன். உப்பு, எண்ணெய். வீட்டுல எண்ணெய்க் கிணறு இருக்கறவங்ககூட இப்படி ஊத்த மாட்டாங்க. சமைச்சவங்களுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கான்னு எங்க வீட்டுக்காரர் கேக்கறார்.

– ம். தையலம்மா, உங்களுக்கு?

– எனக்கு ஒண்ணும் இல்லைக்கா. கொஞ்சம் சப்புன்னு... எங்க மாமியார்தான், வயசானவங்க, வாய்க்கு வந்ததைப் பேசுவாங்க. இதைச் சமைச்சவ வாழ்க்கையில ஒரு நாளும் சிரிச்சிருக்க மாட்டான்னாங்க.

– அப்படியா சொன்னாங்க!

– அவங்க சொன்னதுக்கா. நான் இல்லை. ஏன் இப்படிச் சிரிக்கறீங்க?

– சிரிக்காம என்ன பண்ணச் சொல்றீங்க? டீச்சரம்மா, நீங்க நேத்துச் சாப்பிட்ட பருப்பு இந்தத் தையலம்மா பண்ணினது. போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை வந்து, என் ஃப்ரீசர்ல கிடந்தது. படியில நின்னு சொன்னீங்களே, எந்தப் பருப்புக்கு உங்க வீட்டுல அடிதடின்னு, அதே பருப்பு.

– என்னது?

– தையலம்மா, உங்களுக்கு வந்தது டீச்சரம்மா வெட்டின காய். ஸ்கேல் வச்சு வெட்டின மாதிரி இருக்குன்னு சரியாத்தான் கண்டுபிடிச்சீங்க. மேல ரெண்டு உருளைக்கிழங்கை மசிச்சுப் போட்டு அடையாளம் தெரியாம பண்ணினது மட்டும்தான் நான்.

– டீச்சர்! என் சமையலைப் பார்த்தா நாக்கு இருக்கான்னு கேட்டாரு உங்க வீட்டுக்காரர்?

– அதை விடுங்க, நான் வாழ்க்கையில சிரிச்சதே இல்லையா? ஆஸ்பத்திரிச் சாப்பாடு உசத்தியா? அதை உங்க மாமியார் சொன்னாங்களா, நீங்க சொன்னீங்களா?

– கடல் தண்ணின்னு சொன்னது மட்டும் யாரு, உங்க பொண்ணா? எட்டு மாசமா வாய் நிறைய புகழ்ந்தீங்களே!

– நீங்க மட்டும் என்ன? “உங்க காய் வந்தாத்தான் மாமியார் மதிக்கறாங்க”! இப்பத்தான் புரியுது, அவங்க ஏன் உங்களை மதிக்கறாங்கன்னு. ஒப்பிட்டுப் பார்க்க நான் ஒருத்தி இருந்திருக்கேன்.

– சண்டையைக் கீழ போய் போட்டுக்கலாம்மா. இங்க எதிரொலிக்கும். தண்ணி குடிக்கறீங்களா?

– தண்ணி வேண்டாம்க்கா. நீங்க எங்க ரெண்டு பேரையும் நல்லா முட்டாளாக்கியிருக்கீங்க. அடுப்பே பத்த வைக்காம, காசே செலவு பண்ணாம, எங்க சாப்பாட்டை எங்களுக்கே அனுப்பி, அதுக்கு நாங்க டப்பா வேற கழுவிக் குடுத்திருக்கோம்!

– காசையும் நேரத்தையும் மிச்சம் பண்ணத்தானே டீச்சரம்மா இதை ஆரம்பிச்சீங்க. உங்க வகுப்புல நான்தான் நல்லா படிச்சிருக்கேன் போல.

– இது கிண்டல் பண்ற விஷயமா? ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். தினமும் நாலு பங்கு மேல வருது. அதை நாலு பேர் சாப்பிட்டா எங்களுக்குத் திருப்பி அனுப்ப மிச்சம் எங்க இருந்து வரும்?

– அதைத்தான் இன்னும் கேக்கலையேன்னு பார்த்தேன். கணக்கு டீச்சராச்சே, போட்டுப் பாருங்க.

– எங்க ரெண்டு வீட்டுலயும் சேர்த்து ஆறு பேர். ரெண்டு நாளைக்குப் பன்னெண்டு பங்கு. நாங்க உங்களுக்கு அனுப்பறது நாலு நாள். அப்போ ஒரு நாளைக்கு மூணு பங்கு மிஞ்சியிருக்கு. நாலுல மூணு மிஞ்சினா...

– ஒரு ஆளு சாப்பிட்டிருக்கு. சரியான விடை.

– அக்கா... அண்ணன் எங்கக்கா?

– உங்க அண்ணன் மூணு மாசம் முன்னாடி துணிமணியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார் தையலம்மா. வேற வீடு, வேற ஆளு. பசங்களும் அங்கதான். ரெண்டு பேருக்கும் தனித்தனி ரூமாம், நெட் நல்லா வருதாம். அம்மாவுக்குப் போன்ல குட் மார்னிங் அனுப்பறாங்க. பூப்படம் போட்டு.

– இப்பக் கேட்டதுக்கு வெளியில போயிருக்காங்கன்னீங்களே!

– வெளியிலதானே போயிருக்காங்க. அதுல என்ன பொய்?

– டீச்சர், நாம என்னென்ன பேசினோம் படியில.

– இருங்க. அக்கா, அதுக்கு நீங்க ஒரு பங்கு மட்டும் போதும்னு சொல்லியிருக்கலாமே. சமைக்க முடியலைன்னு சொல்லியிருந்தா நாங்க என்ன கடிச்சா தின்னிருப்போம்?

– ஒரு பங்குன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க. ஏமாத்தணும்னு ஆரம்பிக்கலை டீச்சரம்மா. அவங்க போன அந்த வெள்ளிக்கிழமை வெங்காயமெல்லாம் நறுக்கி, அடுப்பைப் பத்த வச்சுட்டு நின்னேன். இந்த வீட்டுல யாருக்குப் பிடிக்கும்னு காரம் போடறது, யாருக்கு ஆகாதுன்னு உப்பைக் குறைக்கறதுன்னே தெரியலை. அழுகையா வந்துச்சு. அணைச்சுட்டேன். அந்த வாரம் நீங்க அனுப்பினது அப்படியே ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு. எடுத்துச் சூடு பண்ணி அனுப்பிட்டேன். அப்புறம் அதுவே பழகிப் போச்சு. தப்புதான். அதுக்கு என்ன காசு ஆகுதோ தந்துடறேன். டப்பாவை மட்டும் நிறுத்திடாதீங்க.

– காசு யாருக்கா கேட்டா? காசைக் கொண்டு குப்பையில போடுங்க. மூணு மாசமா! ஒரே கட்டிடத்துல, தலைக்கு மேல இருந்துக்கிட்டு, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

– சொல்லணும்னுதான் தையலம்மா, பெல் சத்தம் கேட்டதும் தினமும் ஓடி வருவேன். கதவைத் திறக்கறதுக்குள்ள டப்பாவை வச்சுட்டு நீங்க ரெண்டு மாடி இறங்கியிருப்பீங்க.