அந்தமானுக்கு முந்தி ஒரு முங்கு

...எறங்குதேன்னு சொல்லுங்கக்கா அந்த நீச்சல் மேடத்துகிட்ட! சும்மா சும்மா விசில ஊதிக்கிட்டு... "திகண்டி, திகண்டி"ன்னு. எறங்கத்தானே வந்துருக்கோம்? படிக்கட்டுல ஒக்காந்துட்டுப் போறதுக்கா விடியுமுன்ன பஸ் புடிச்சு வந்தோம்? கால நனச்சாச்சு. முட்டு நனஞ்சாச்சு. மனுஷி மெதுவாத்தான நனைய முடியும்!

நீங்க இன்னைக்குத்தான் மொதல்ல வாறீகளோ? அதான பாத்தேன். தமிழ் மொகமா இருக்கேன்னுதான் பக்கத்துல வந்து ஒக்காந்தேன். கல்பகமா... நல்ல பேரு. நான் ஜெயசுந்தரி. மல்காஜ்கிரி. கல்யாணமாகி இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து எம்புட்டோ வருஷமாச்சு, பேச்சு மட்டும் நாசரேத்துப் பேச்சுதான், மாறல. பிள்ளேள் ரெண்டும்தான்... தமிழ்ல கேட்டா தெலுங்குல பதில் சொல்லும், தெலுங்குல கேட்டா இந்தியில சொல்லும்.

என்ன, பனியனப் பாத்துச் சிரிக்கீகளா? சிரிங்க, சிரிங்க. சுடிதார் எம் மவ பியூலாவுது. பனியன் எங்க வீட்டுக்காரகளுக்கு ஃபேக்டரியில ஸ்போர்ட்ஸ் டேக்குக் குடுத்தது. முதுகுல "சேஃப்டி ஃபர்ஸ்ட்"னு எழுதிருக்கு பாருங்க. எனக்குப் பொருத்தமாத்தான இருக்கு!

இல்ல, நீங்களே சொல்லுங்கக்கா. மல்காஜ்கிரியில ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி. அதுவும் நூலு கணக்கா. அப்படிக் கொடம் கொடமா புடிச்சே வாழ்ந்தவளுக்கு, இவ்ளோ தண்ணிய ஒரே எடத்துல பாத்தா தலைய முக்கணும்னா தோணும்? ரெண்டு டிரம்மு கொண்டாந்து ரொப்பிட்டுப் போவமான்னுல்லா தோணுது!

எல்லாம் அந்தச் சந்திரமோகனால வந்தது. எங்க வீட்டுக்காரககூட வேல பாக்காரு. கம்பெனிக்காரங்களுக்கு ஊர் சுத்திப் பாக்குத செலவுக்கு எல்.டி.சி. பணம் உண்டுல்லா, அதுல அந்த மனுஷன் போன வருஷம் அந்தமான் போயிட்டு வந்தாரு. வந்தாரா, சும்மா இருந்தாரா? மொகத்துக்குக் கண்ணாடி மாட்டி, வாயில ஒரு கொழாய வச்சுக்கிட்டுத் தண்ணி மேல குப்புறப் படுத்தா, கீழ மீனு கிளி கலர்ல இருக்காம். பவளம் முட்டைக்கோஸ் மாதிரி விரிஞ்சு கெடக்காம். தைரியம் இருந்தா மூச்சப் புடிச்சு முங்கி, கிட்டப் போயும் பாக்கலாமாம். இவுக கேட்டுட்டு வந்து, சோத்தப் பெசஞ்ச கையோட அப்படியே ஒக்காந்துருக்காக. "நாமளும் ஒருக்கா முங்கிப் பாக்கணும்"னாக. எங்க வீட்டுக்காரகளா இப்படிப் பேசுதாகன்னு எனக்கு ஒரே ஆச்சரியம். கிதியோன்னா எங்க சபையில அமைதிக்குப் பேரு. வாயத் தொறந்து இது வேணும்னு கேட்டதே இல்ல.

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க சண்ட! எங்க போய் முங்குறதுன்னு. பியூலாவுக்கு லட்சத்தீவு. கூடப் படிக்கிறவ போனாளாம். கொச்சியில கப்பல் ஏறணும், பர்மிட்டு வாங்கணும், தங்குறது திங்குறது எல்லாத்தையும் சேத்து ஒரே டிக்கெட்டாக் குடுப்பாங்களாம். அந்த வெலையக் கேட்டுட்டு நான் பிரிண்ட் தப்பா இருக்கும்னு நெனச்சேன். சின்னவன் ஏனோக்கு இருக்கானே, அவன் மாலத்தீவுங்கான்! டேய், எல்.டி.சி. இந்தியாவுக்குள்ளதாம்ல செல்லும்னா, "தோ கியா ஹுவா", அதனால என்னங்கான். பக்கத்து வீட்டு சிவஞானம் சார் கோவா போங்கன்னாரு. போய் வந்தவரு சொல்லுதாரேன்னு பாத்தா, கடைசியில அவரே, "ஆனா தண்ணி கலங்கல், ஒண்ணும் தெரியாது"ங்காரு. ஒண்ணும் தெரியாததப் பாக்க கோவாவுக்கு எதுக்குப் போகணும்? எங்க தெருக்கொழா தண்ணியிலயே ஒண்ணும் தெரியாது!

நான் சொன்னேன், மண்டபம் போவோம். ராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கம். அங்கயும் தீவு இருக்கு, பவளம் இருக்கு, தோணிக்காரங்க கூட்டிட்டுப் போவாங்க. ராமநாதபுரத்துல எந் தங்கச்சி தங்கம் இருக்கா, தங்குறதுக்குத் தங்கலும் ஆச்சு. நல்ல யோசனைதான? ஒரே கூச்சல்! "அம்மா, நக்கோ, வேண்டாம்! சித்தி வீட்டுக்குப் போனா ஜெபக்கூட்டத்துக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க, கடலுக்கு யாரு கூட்டிட்டுப் போவா?"ன்னு ரெண்டும் குதிக்குது. அதுவும் உண்மதான்னு வைங்க. தங்கம் அப்படித்தான்.

சரி, அந்தமான்னு முடிவாச்சு. கப்பல் கூலி எல்.டி.சி.யில வந்துரும், கவர்மெண்டு விடுதி சீப்பு. விசாகப்பட்டினம் வர ரயிலு, பெறகு கப்பலு. புளிச்சோறு கட்டிக்கிட்டா ஆச்சு. ஆனா அந்த ஏனோக்கு... ஜெனரல் பஜார்ல ஒரு கண்ணாடியும் கொழாயும் வாங்கிட்டு வந்துட்டான். பிராக்டிஸாம்! எங்க செய்யுதாங்கீக? நான் புடிச்சு வச்ச குடிதண்ணி டிரம்முல! மூடியத் தொறந்தா உள்ள ஒரு தல! முடியெல்லாம் மெதக்குது! நாலடி அடிச்சேன், தண்ணிக்குள்ளயே சிரிக்கான், புளுக்கு புளுக்குன்னு. அவுக என்னடான்னா வாச்சப் பாத்து, "பரவால்ல, மூச்சு நல்லா புடிக்கான்"ங்காக!

...மேடம், வஸ்தானு, வஸ்தானு, வந்துட்டேன்! இதோ இடுப்பு வர எறங்கியாச்சு. அம்மாடி... சில்லுனு இருக்கு. நீங்களும் எறங்கிட்டீகளா? நெஞ்சு வர போயிட்டீகளே! கம்பியப் புடிச்சுக்கோங்கக்கா.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்... ஆங். எனக்கு இதுல என்ன வேலன்னுதான கேக்கீக? ஒரு வேலையும் இல்ல. கரையில ஒக்கார வேண்டியவதான் நான். அவுகளே சொன்னாக, "ஜெயா, நீ கொடையப் புடிச்சுக்கிட்டு மணல்ல இரு, எங்க செருப்பப் பாத்துக்கோ"ன்னு. நல்ல மனசுலதான் சொன்னாக. ஆனா எனக்கு எங்கேருந்து வந்துச்சோ... "செருப்புக்குக் காவலா நான்? நானும் முங்குவேன்!"னுட்டேன். வீடே சிரிச்சுது. ஏனோக்கு தரையில உருண்டான். "அம்மா, தண்ணிக்குள்ள பேச முடியாது, உனக்குத் தெரியுமா?"ங்கா பியூலா. எனக்கு ரோசம் வந்துட்டு. மறுநாளே இங்க வந்து பேரக் குடுத்தேன். அன்னையிலருந்து இடுப்பு வர எறங்குதேன், ஏறுதேன். தலையத்தான் முக்க வரல. யாரு கேட்டா என்னைய? வாயாலதான் எனக்கு வம்பே.

அதான் விட்டுரலாம்லாங்கீக. விடலாம். அவுககிட்ட நேத்தே "எனக்கு ஒத்துக்காது"ன்னு சொல்லத்தான் போனேன். ஆனா அக்கா... இது எதுக்கு ஒங்ககிட்ட சொல்லுதேன்னு தெரியல.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழம ஆலயத்துல பாட்டு. எல்லாரும் முடிச்சுட்டோம், ஒக்காந்துட்டோம். அவுக மட்டும் புஸ்தகத்தப் பாத்துப் பாடிக்கிட்டே நிக்காக. கண்ணு புஸ்தகத்துலயே இருக்கு. நல்ல கொரலு அவுகளுக்கு. கோயிலு பூராவும் திரும்பிப் பாக்குது. நான்தான் வேட்டியப் புடிச்சு இழுத்தேன். அவுக என்னையப் பாத்த பார்வ இருக்கே... வேண்டாம் போங்க.

பெறகு கூட்டிட்டுப் போய்க் காட்டுனதுல டாக்டர் சொன்னாரு, வருஷக்கணக்கா ஃபேக்டரியில அந்தப் பிரஸ் மிசினுகிட்ட நின்னதுல காது நரம்பு போயிட்டாம். இனி வராதாம். கடலுக்குப் போலாமான்னு கேட்டேன். அதுக்கு ஒண்ணுமில்ல, காது ஜவ்வு நல்லாருக்குன்னுட்டாரு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நான் காலம்பூரா பேசுவேன், அவுக "ஹவ்... ஹவ்", ஆமா ஆமான்னு தலைய ஆட்டுவாக. எவ்ளோ கேட்டு நடக்குத மனுஷன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டு அலஞ்சேன்! பாதிக்கு மேல காதுலயே விழலக்கா. நான் சண்ட போட்டதுகூட விழல. வாயசைவப் பாத்துத் தலைய ஆட்டிருக்காக.

நேத்து நான் சொல்லப் போனப்போ, அவுகளே ஆரம்பிச்சாக. "சந்திரமோகன் ஒண்ணு சொன்னான், ஜெயா. தண்ணிக்குள்ள யாருக்கும் ஒண்ணும் கேக்காதாம். எல்லாரும் கையத்தான் காட்டுவாங்களாம். அங்க நான் யாருகிட்டயும் என்ன, என்னன்னு திருப்பிக் கேக்க வேண்டாம்லா?"ன்னாக. அதுக்குத்தான் இந்த மனுஷன் கடலு கடலுன்னு...

"ஒத்துக்காது"ங்கத விட்டுட்டு, காலையில பஸ்ஸுக்குச் சில்லறைய எடுத்து வச்சேன். கீழ போய் ஒரு மீனப் பாத்துட்டுத் திரும்பி, "இந்தா பாரு"ன்னு கைய நீட்டுவாகல்லா, அப்ப பக்கத்துல யாரு இருக்கணும்? பியூலாவா? சந்திரமோகனா? நான்தான இருக்கணும்? நான் மணல்ல செருப்பப் பாத்துக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?

அட, ஊதாதீங்க மேடம்! தெரியுது! அக்கா, இந்த என் மூக்குக் கண்ணாடிய அந்தப் படியில வைங்க. கொஞ்சம் கிட்ட நில்லுங்க. கையப் புடிக்க வேண்டாம், கிட்ட நின்னாப் போதும். மூச்ச இழுத்து... வாய மூடி... இயேசுவே... ம்...

...

...ஆஹ்! அம்மா! மூக்குல ஏறிட்டு! அக்கா... அக்கா, முக்கிட்டேன்! முழுத் தல! பாத்தீகளா?

நெசந்தான்க்கா. அவுக சொன்னது நெசந்தான். விசிலு கேக்கல, பிள்ளேள் கத்துதது கேக்கல, ஒண்ணுமே...

அக்கா? எங்க... அட, அங்க அந்தக் கோடிக்கு நீந்திப் போயிட்டாகளே, நீச்சல் தெரியும்னு ஒரு வார்த்த சொல்லல பாரேன்.

சரி.

இன்னொரு தடவ.