நேரில் வர வேண்டும்

நீங்கள் குடித்துக்கொண்டிருப்பது நல்ல காபி. இருபத்தாறு வருடத்தில் இந்த அலுவலகத்துக்கு நான் காபிப்பொடி வாங்கியதே இல்லை. மாணவர்கள் கொண்டுவருவார்கள். உங்கள் விசாரணை அறிக்கையில் லஞ்சம் என்று எழுதிவிடாதீர்கள். நீங்களும் நிஷ் நகரத்தில் பிறந்தவர்தானே, வெறுங்கையோடு கவுன்ட்டருக்கு வருவது மரியாதை இல்லை என்று உங்களுக்குத் தெரியாதா? இருநூறு கிராம் பொட்டலம், கூட ஒரு சாக்லேட் பெட்டி. அதற்காக நான் எந்தக் காகிதத்தையும் நகர்த்தியதில்லை, நிறுத்தியதும் இல்லை.

என் பெயர் டோப்ரிலா. வணிக மேலாண்மை முதுகலைப் பிரிவின் செயலாளர். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கான படிப்பு இது. பேராசிரியர்கள் வருவார்கள், போவார்கள். டீன்களும் அப்படித்தான். விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். இரண்டு வருடப் படிப்பை அதிகபட்சம் நான்கு வருடத்தில் முடிக்க வேண்டும். நான்காம் வருடம் செப்டம்பர் முப்பதுக்குள் ஆய்வேடு வரவில்லை என்றால் எழுதிய தேர்வெல்லாம் காலாவதி. உடம்பு சரியில்லாதவர்களுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. மருத்துவச் சான்றோடு அவகாசம் கேட்டு மனு கொடுக்கலாம். நான் முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டால்தான் அது மனு. எண் இல்லாதது வெறும் காகிதம்.

நெவென்கா பிரோட் ஊர்க்காரி. முப்பத்தெட்டு வயது. ஒரு செருப்பு ஆலையில் கொள்முதல் பிரிவின் தலைவி. ஆலையைப் புதிதாக வாங்கியவர்கள், முதுகலைப் பட்டம் இல்லாத யாரும் புத்தாண்டுக்குப் பிறகு தலைமைப் பொறுப்பில் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கணவன் இல்லை, இரண்டு பெண்கள். சனிக்கிழமைதோறும் எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து படித்தாள். எனக்கு அவளைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏதோ பகை இருந்தது என்று நாளைக்கு யாராவது கிளம்புவார்கள்.

அவளுடைய நான்காம் வருடம், செப்டம்பர் நடுவில் அவளுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. இருபதாம் தேதி அவளுடைய அண்ணன் வந்தார். கவுன்ட்டரில் முதலில் காபிப் பொட்டலத்தை வைத்தார், அப்புறம் மருத்துவச் சான்று இணைத்த மனுவை.

"மேடம், நெவென்கா ஆஸ்பத்திரியில கிடக்கா. இன்னும் பதினஞ்சு பக்கம்தான் எழுதணுமாம். கொஞ்சம் பாத்துக்கங்க."

வாசல்காப்பாளர் வுகாஷினுக்கு வாய் சும்மா இருக்காது. பின்னால் நின்றுகொண்டு, "அண்ணே, நகல்ல ஒரு முத்திரை வாங்கிக்கங்க. இந்த ஆபீஸ்ல காபியைத் தவிர எல்லாம் தொலையும்" என்றார்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "சும்மா இருங்க. மேடத்தைப் போயி யாராவது சந்தேகப்படுவாங்களா?"

நம் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான். ஒருவருக்குக் காபி கொடுத்துவிட்டு அவரிடமே ரசீது கேட்க நமக்குக் கூசும். அண்ணன் போனதும் மனுவை மூன்றாவது இழுப்பறையில் வைத்தேன். முத்திரை குத்தவில்லை.

இருபத்தெட்டாம் தேதி நெவென்கா படுக்கையிலிருந்தே போன் செய்தாள்.

"மேடம், என் மனுவுக்கு என்ன நம்பர்?"

"அப்படி ஒண்ணு பதிவாகவே இல்லையேம்மா."

இது பொய் இல்லை. பதிவாகவில்லைதான்.

"அண்ணன் உங்க கையில கொடுத்தேன்னு சொன்னாரே."

"அண்ணன் கொடுத்தா ஆச்சா? பிரிவு நாற்பத்தொண்ணு. அவகாசம் கேக்கிறவங்க நேர்ல வந்து என் முன்னாடி கையெழுத்துப் போடணும்."

"வயித்துல குழாய் போட்டிருக்காங்க மேடம். எழுந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்றார்."

"டாக்டரா உனக்குப் பட்டம் கொடுக்கப் போறார்? முப்பதாம் தேதிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. யோசிச்சுக்க."

வந்தாள். ஆஸ்பத்திரியில், என் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால் பதினொரு பேர். கோட்டுக்குள் கையை விட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வுகாஷின் என்னிடம் வந்து, "அந்தப் பொண்ணு நிக்க முடியாம நிக்குதும்மா, முன்னாடி கூப்பிடுங்க" என்றார். வரிசை என்றால் எல்லோருக்கும் வரிசைதான் என்றேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. புதிதாக ஒரு மனு எழுதி என் முன்னால் கையெழுத்துப் போட்டாள். முத்திரை குத்தினேன், எண் போட்டேன், நகலையும் கொடுத்தேன்.

"ரொம்ப நன்றி மேடம். உங்களாலதான் என் வேலை தப்பிச்சுது" என்றாள்.

திரும்பிப் போகிற பஸ்ஸிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். வயிற்றுக்குள் சீழ் பரவிவிட்டதாம். அக்டோபர் மூன்றாம் தேதி இறந்துபோனாள். ஏழாம் தேதி மனுக்களைப் பரிசீலிக்கும் குழு கூடி அவளுக்கு ஏப்ரல் வரை அவகாசம் கொடுத்தது. அவள் இறந்ததை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கடிதத்தை அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன். என் வேலையில் ஒரு நாள் தாமதம் என்று யாரும் சொல்ல முடியாது.

இழுப்பறையில் இருபத்து மூன்று மனுக்கள் எடுத்தீர்கள். சரியான கணக்கு. எல்லோருடைய மனுவும் அங்கே போகாது. சோம்பேறிகளின் மனுவுக்கு உடனே முத்திரை குத்தி அனுப்பிவிடுவேன், அவர்களிடம் சோதித்துப் பார்க்க என்ன இருக்கிறது? நல்ல மாணவர்களுடையதைத்தான் எடுத்து வைப்பேன். லாப நட்டம் போட எவனுக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். எழுந்து வர முடியாத நேரத்தில் எழுந்து வருகிறானா என்பதை எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. நான் கேட்டேன். இடுப்பெலும்பு முறிந்த ஒருவரை மகன்கள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். ஒருத்தி புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டு, தலையில் துணி கட்டி வந்தாள். ஒவ்வொரு படிக்கட்டிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். இருபத்து மூன்று பேரில் பத்தொன்பது பேர் வந்தார்கள். வராத நான்கு பேருக்குப் பட்டம் இல்லை. அவர்களுக்காக நான் வருத்தப்படவும் இல்லை. வந்தவர்கள் இன்றைக்கு எங்கெங்கே இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். என் மேல் கோபம் என்று ஒருவர் சொல்லட்டும்.

செத்துப்போவாள் என்று தெரியுமா என்று காலையிலிருந்து சுற்றி வளைத்துக் கேட்கிறீர்கள். நேராகவே கேட்டிருக்கலாம். எழுந்து நடமாடினால் சாகக்கூடும் என்று தெரியும். அவள் அண்ணன் கொண்டுவந்த சான்றிதழில் டாக்டர் அதைத்தான் எழுதியிருந்தார். நான் எதையும் படிக்காமல் உள்ளே வைப்பவள் இல்லை.

அந்த விதிப்புத்தகத்தை மூன்றாவது தடவையாகப் புரட்டுகிறீர்கள். விடுங்கள், பிரிவு நாற்பத்தொன்று அதில் கிடைக்காது. விதிகள் நாற்பதோடு முடிந்துவிடுகின்றன. இத்தனை வருடத்தில் ஒருவர்கூடத் திறந்து பார்த்ததில்லை, டீன்கள் உட்பட.

ஆனால் அதை நான் என் கற்பனையில் உண்டாக்கியதாக எழுதாதீர்கள். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த அம்மாள் எனக்குச் சொன்னது அது. அப்போது நான் இங்கே மாணவி. ஐந்து மாதக் கர்ப்பிணி. ரத்தம் கசிகிறது, படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிரிவு நாற்பத்தொன்று, நேரில் வர வேண்டும் என்று அந்த அம்மாள் போனில் சொன்னாள். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ் ஏறி வந்தேன், வரிசையில் நின்றேன், கையெழுத்துப் போட்டேன். பட்டம் வாங்கினேன். குழந்தை தங்கவில்லை.

இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். கடைசிப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெவென்கா வர வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால், அன்றைக்கு நான் எதற்காக வந்தேன்?