இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்

செவ்வாய்க்கிழமை மாலை வகுப்புக்கு நான் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. போர்ட் அகஸ்டாவில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கற்றுத்தரும் வகுப்பு. வேட் பாஸ்கோவும் அங்கே படித்தான். என் அண்ணன் ஜாகோ இறந்த விபத்தில் உயிரோடு வந்தவன் அவன்தான்.

வண்டியை ஓட்டியது ஜாகோ என்று வேட் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தான். குடித்துவிட்டு ஓட்டிச் செத்தவன் என்று ஊர் பேசியது. அம்மா கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அண்ணனின் உடலை நான் பார்த்தேன். சீட் பெல்ட் அழுத்திக் கன்றிய தடம் இடது தோளிலிருந்து இறங்கியிருந்தது. நம் வண்டிகளில் ஓட்டுபவர் வலப்பக்கம் உட்கார்வார். அவருக்குப் பெல்ட் வலது தோளில் வரும், பக்கத்தில் உட்கார்பவருக்குத்தான் இடது தோளில். இதை உங்கள் நிலையத்தில் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

வேட் தன் பழைய ஜீப்பின் எஞ்சினைப் புதிதாகக் கட்டியிருந்தான். கட்டிய பிறகும் அது குலுங்கியது. ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று மீட்டர் வைத்துக் கம்ப்ரஷன் பார்க்கும் வேலை வகுப்பில் எனக்கு வந்தது.

“ஏ மெரின், காபி போட்டாக்கூட மீட்டர் வெச்சுத்தான் பாப்பியா? சீக்கிரம் முடி தாயி, எஞ்சின் கிழவியாயிடப் போகுது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

என் கைமேல் எனக்கு எப்போதும் சந்தேகம். மூன்று தடவை பார்த்தேன். முதலாம், நான்காம் சிலிண்டரில் நூற்று அறுபது. நடுவிலிருக்கும் இரண்டிலும் தொண்ணூறு. அவற்றில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டேன். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அளவு ஏறும். ஏறவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றுபோலக் குறைந்தால், அவற்றுக்கு நடுவே கசிவை அடைக்கும் தகடான கேஸ்கட் விட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தகட்டை இறுக்கிப் பிடிக்கும் ஹெட் போல்ட்டுகளை அவன்தான் அவசரத்தில் வரிசை தப்பி முறுக்கியிருந்தான். நான் எதையும் தளர்த்தவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

தாளில் நான்குக்கும் நூற்று அறுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவனும் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டவன்தானே.

“அப்புறம் ஏன் குலுங்குது?”

“புது எஞ்சின். தூரமா ஒரு ஓட்டு ஓட்டு, சரியாயிடும்.”

ஜனவரியில், எங்கள் கோடையின் உச்சத்தில், பாலைவனத்து உப்பு ஏரியான ஐர் ஏரிப் பக்கம் தனியாகக் கிளம்பினான். அந்தப் பாலைக்குள் போகிறவர்கள், போகும் வழியை எழுதி யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அவன் என்னிடம் கொடுத்தான்.

“சனிக்கிழமைக்குள்ள நான் போன் பண்ணலேன்னா போலீசுக்குச் சொல்லிடு. நீதான் எதையும் மறக்காத ஆளு.” பிறகு டயரைப் பார்த்துக்கொண்டு, “ஜாகோ விஷயத்துல என்மேல கோவம் இல்லையே?” என்றான்.

“இல்ல வேட். தண்ணி எவ்ளோ எடுத்திருக்கே?”

“நாப்பது லிட்டர். போதாதா?”

போதும் என்றேன். கேஸ்கட் விட்ட எஞ்சின் கொதிக்கும், ரேடியேட்டரும் தண்ணீர் கேட்கும். வேட் ஜீப்பைக் கைவிடுகிறவன் அல்ல. குடிக்க வைத்ததை அதில்தான் ஊற்றுவான் என்று எனக்குத் தெரியும். காலி கேன்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சனிக்கிழமை போன் வரவில்லை. அவன் எழுதிக் கொடுத்த வழி என் மேசைமேல் இருந்தது. நான் புதன்கிழமைதான் உங்களை அழைத்தேன். மறந்துவிட்டேன் என்று அன்று சொன்னது பொய். அந்த வெயிலில் தண்ணீரில்லாமல் ஒரு ஆள் அதிகம் போனால் மூன்று நாள் தாங்குவான் என்று படித்து வைத்திருந்தேன். என் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் ஒரு நாள் கூட்டிக்கொண்டேன்.