அரண்மனைக்குள்ள காயுற துணி

"எங்க பெரியப்பா ஒண்ணு சொல்வாரு பாய்... சம்பந்தம் பண்ணப் போற வீட்டுக்குப் போனா முதல்ல... முதல்ல எதையோ பாக்கணும்னுவாரு. அடுப்பையா, தண்ணிப் பானையையா... சே, நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது. சரி விடுங்க. நான் எதைப் பாத்திருந்தாலும் அந்த ஊர்ல எனக்கு நடந்தது நடந்துதான் இருக்கும்!"

பர்மாவின் லான்மடாப் பேட்டையில் அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார் பொன்னுத்துரை. கரண்ட் போயிருந்தது. பேசுவதற்கு ஆள் இல்லாமல் பொழுது வேறு நீண்டுகொண்டே போனது. ஆறாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த தஸ்தகீர் மீன் பையோடு ஏறி வந்தவர், மூச்சு வாங்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். கதை கேட்கத்தான் நிற்கிறார் என்று பொன்னுத்துரை எடுத்துக்கொண்டார்.

"உக்காருங்க பாய், அந்தப் படியிலயே உக்காருங்க. இன்னும் மூணு மாடி ஏறணுமில்ல... மீனா? மீனு எங்க போயிடும், அதான் செத்துப்போச்சே! உக்காருங்க. எனக்கும் நேரமில்ல. சாயங்காலம் கோயிலுக்குப் போயி சாமியாருக்குப் பதில் சொல்லணும்.

என்ன பதிலா? நாளைக்கு ஞாயித்துக்கெழமை பூசையில ஓலை வாசிக்கணும் பாய். எங்கள்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு வாரம், பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு, ஊரு எல்லாம் வாசிச்சு, 'யாருக்காச்சும் தடை இருந்தா சொல்லுங்க'ம்பாங்க. எங்க ஷாரோன் பேரைத்தான் வாசிக்கணும். சாமியாரு நம்ம கூட்டாளி. 'துரை, செபமாலைக்கு முன்னாடி வந்து உன் வாயால சொல்லு. நீ சரின்னா வாசிக்கறேன், இல்லாட்டி இல்ல'ன்னுட்டாரு. மார்த்தா முன்னாடியே கோயிலுக்குப் போயிட்டா. போறப்ப எங்கிட்ட பேசல. காலையிலேருந்து ஒரு லப்பேயே போட்டுத் தரல பாய்! டீக்கு வழியில்லாம உக்காந்திருக்கேன். நான் இன்னும் சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. அதுக்கே இந்தத் தண்டனை.

ஊரு சரியில்ல பாய், அதான். ஸ்ப்ளிட்னு பேரு. குரோவேஷியால இருக்கு. ஏட்ரியாட்டிக்னு ஒரு கடல், அதுக்கு இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் இத்தாலி. ஷாரோன் அங்க ஹோட்டல் வேலைக்குப் போனவ, ஊர்க்காரப் பையன் ஒருத்தனைப் பாத்து வெச்சிருக்கா. 'அப்பா, வந்து பாத்துட்டு சொல்லுங்க'ன்னா. மார்த்தாவுக்கு விசா தரல, எனக்குத் தந்தான். ஏன் தந்தான்னு இன்னிக்கு வரைக்கும் யோசிக்கிறேன்.

ஊரே ஒரு அரண்மனை பாய். ரோமாபுரி ராஜா ஒருத்தர், 'போதும்டா உங்க நாடு'ன்னு பதவியை விட்டுட்டு வந்து கட்டினாராம். வந்து என்ன பண்ணாரு தெரியுமா? முட்டைக்கோஸ் போட்டாராம்! ராஜா! நான் ஆபீஸ்லேருந்து ரிட்டையர் ஆகி பால்கனியில ரெண்டு மொளகாச் செடி வெச்சதுக்கு மார்த்தா என்ன பேச்சுப் பேசினா... அவரு காலத்துக்கப்புறம் ஜனங்க உள்ள பூந்து குடியேறிட்டாங்க. இன்னிக்கும் இருக்காங்க! ராஜா நடந்த தாழ்வாரத்துல தூணுக்கும் தூணுக்கும் நடுவுல சுவரு, சுவத்துல சன்னலு, சன்னல்ல துணி காயுது. இங்க வெள்ளைக்காரன் பங்களாவுல நாலு குடும்பம் தடுப்பு வெச்சு இருந்தா 'ஐயோ பாவம்'ங்கிறோம். அங்க அதைக் கப்பல் கப்பலா வந்து போட்டோ புடிக்கிறான்!

தெருவெல்லாம் கல்லு. ஜனம் நடந்து நடந்து சோப்பு தேச்சாப்ல ஆயிடுச்சு. நம்ம வெல்வெட் செருப்பு அதுல நிக்குமா? கோயில் இருக்கு, இல்லங்கல. அந்த ராஜா எங்க ஆளுங்களைப் புடிச்சுப் புடிச்சுக் கொன்னவரு. அவரோட சமாதியையே கோயிலாக்கி, அவரு கொன்ன பிஷப்பையே உள்ள புனிதரா வெச்சுட்டாங்க. அது ஒண்ணுதான் பாய் அந்த ஊர்ல எனக்குப் புடிச்சுது.

மத்ததெல்லாம்... கடக்கரையில வயசான ஆளுங்க, முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு ஒரு சின்னப் பந்தைத் தட்டுறாங்க. பந்து தண்ணியில விழக்கூடாதாம். தவளை மாதிரி பாயுறான் ஒவ்வொருத்தனும்! யாரு ஜெயிப்பாங்கன்னு கேட்டேன். யாரும் ஜெயிக்க மாட்டாங்களாம். இப்படி ஒரு வெளாட்டா?... என்ன? நம்ம சின்லோன்லயும் அப்படித்தானா?... அட, ஆமா. பிரம்புப் பந்தைக் காலால தட்டிக்கிட்டே இருப்பானுங்க, ஜெயிச்சவன்னு யாரும்... அது வேற பாய்! அது வேற, இது வேற.

பையனா? பையனைப் பத்திச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. மாத்தேன்னு பேரு, நம்ம மத்தேயுதான். படகு இஞ்சின் ரிப்பேர் பண்றான். எங்க வாசல்ல குனிஞ்சுதான் வரணும், அவ்வளவு உசரம். என்னைப் பாத்ததும் 'மிங்கலாபா வணக்கம்'னு பர்மா பாஷை, தமிழு ரெண்டையும் சேத்துச் சொல்லிக் கையைப் புடிச்சுக்கிட்டான். விடவே இல்ல. கெட்ட பையன்னு சொல்ல முடியல பாய், அதுதான் எனக்குக் கோவம்.

விஷயம் அவன் அம்மா. அன்கான்னு பேரு. முதல் தடவை சம்பந்தி வீட்டு வாசல்ல போயி நிக்கிறேன், சன்னல்லேருந்து தலையை நீட்டி, தெரு முழுக்கப் பாக்க, என்னைத் திட்டினா பாருங்க ஒரு திட்டு! பாஷை தெரியாட்டி என்ன? திட்டு புரியறதுக்குப் பாஷை எதுக்கு? அப்படிப்பட்ட வீட்டுல பொண்ணைக் குடுக்கறதான்னு மார்த்தாகிட்ட கேட்டேன். சாமியாருகிட்டயும் கேட்டேன். கேட்டேனா இல்லையா? நியாயந்தானே?

எதுக்குத் திட்டினாளா?... பாய், பை ஒழுகுது பாருங்க. தள்ளி வைங்க... எதுக்குன்னா... அதிருக்கட்டும், நீங்க இன்னும் பால்கனியில கயிறு கட்டலையே? ஆறாம் மாடிக்காரரு முதல்ல அதைச் செய்யணும். மேல ஒரு மணி, கயிறு தெரு வரைக்கும், நுனியில ஒரு கிளிப்பு. ஆளு கீழ நின்னு இழுப்பான், மேல மணி அடிக்கும். பேப்பரோ ரொட்டியோ மாட்டிவிடுவான், நீங்க இழுத்துக்கலாம். நீங்க சாவியை இறக்கிவிடலாம். ஏறி எறங்குற வேலையே இல்ல. பொறந்ததுலேருந்து நான் கயித்தை இழுத்துத்தான் பாய் ஆளைக் கூப்பிட்டிருக்கேன். கயித்தைப் பாத்தா கை தானாப் போகும்.

அன்னிக்கு ஷாரோன், 'இங்கயே நில்லுங்கப்பா, ரொட்டி வாங்கிட்டு வந்துடறேன்'னு போயிட்டா. அண்ணாந்து பாக்குறேன். மூணாவது மாடி, அவங்க வீட்டுச் சன்னலு, அதுலேருந்து ஒரு கயித்து வாலு என் தலைக்கு மேல தொங்குது! அமலே, அம்மாடியோ, எனக்கு என்ன சந்தோசம்! இவ்வளவு தூரம் வந்து நம்ம பழக்கத்தைப் பாக்குறோமேன்னு. மரியாதையா மெதுவா இழுத்தேன். மணி அடிக்கல. அதனால... கொஞ்சம் பலமா இழுத்தேன்.

படுக்கை விரிப்பு பாய். அப்புறம் தலகாணி உறை. அப்புறம்... சொல்லக்கூடாத சாமானெல்லாம். காலையில மழை பெஞ்சு கல்லெல்லாம் சேறு. ஒரு விரிப்பு அதுல விழுந்துச்சு. இன்னொண்ணு, குடையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு டூரிஸ்ட் கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு வந்தாளே ஒரு பொண்ணு, அவ தலையில. பின்னால வந்தவங்க கை தட்டுறாங்க! ஏதோ ராஜா காலத்துச் சடங்குன்னு நெனச்சுட்டாங்க போல... சிரிக்காதீங்க பாய். நான் அந்த விரிப்புக்குள்ள கையில கயித்தோட நிக்கிறேன், நீங்க சிரிக்கிறீங்க.

அதுக்குத்தான் திட்டினா. யாரா இருந்தாலும் திட்டத்தான் செய்வா. மார்த்தாவா இருந்தா அந்தக் கயித்தாலயே என்னைக் கட்டி வெச்சிருப்பா. அதான் இதை மட்டும் மார்த்தாகிட்ட சொல்லல. சாமியாருகிட்டயும் சொல்லல. 'திட்டினா'ன்னு மட்டும் சொன்னேன். பொய்யா அது? திட்டினது நெசந்தானே!

அப்புறம் அன்கா எறங்கி வந்தா. ஷாரோன் ஓடிவந்து என்னத்தையோ சொன்னா. அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பாத்தா, விரிப்பைச் சுருட்டிக்கிட்டு மேல வான்னு தலையை ஆட்டினா. திரும்ப அலசினா. நான் ஒரு முனையைப் புடிச்சேன், அவ ஒரு முனையைப் புடிச்சா, முறுக்கிப் புழிஞ்சோம். அப்புறம் சோறு போட்டா. கறுப்புச் சோறு பாய்! கணவா மையில ஆக்கினது. பேனா மையைக் கொட்டினாப்ல இருக்கு. எனக்குப் பின்னால இருந்த சன்னலை வேற சாத்தினா, காத்து கழுத்துல பட்டா சீக்கு வருமாம். வேர்த்து ஊத்துது எனக்கு! நான் கொண்டுபோன பாலசாங்கை எடுத்துக் குடுத்தேன். இறாப்பொடி, மொளகா, மார்த்தா கைப்பக்குவம். சோத்துமேல போட்டுத் தின்னுட்டு அந்தம்மாவுக்குக் கண்ணுல மூக்குல தண்ணி. ஆனா மறுபடி போட்டுக்கிட்டா பாய். டப்பாவை எங்கிட்ட திருப்பித் தரவே இல்ல.

மறுநா போறேன். துணிக்கயிறை மேல தூக்கிக் கட்டிட்டா. தனியா இன்னொரு கயிறு, என் கைக்கு எட்டுறாப்ல தொங்குது. இழுத்தேன். கிணிங்குனுது. அவ புருஷன் மீன் புடிக்கிறவராம், செத்துட்டாரு. தூண்டில்ல மீனு கடிச்சா அடிக்குமே சின்ன மணி, அவரோட மணி, அதை எடுத்துக் கட்டி வெச்சிருக்கா. நான் இழுக்கறதுக்காக! கெளம்புற நாளு வரைக்கும் அதைத்தான் இழுத்தேன். சத்தமா அது? கொசு கத்துறாப்ல. அது அவளுக்கு எப்படித்தான் கேட்டுச்சோ. ஒவ்வொரு தடவையும் நான் கையை எடுக்கறதுக்குள்ள தலையை நீட்டிட்டா...

சரின்னு சொல்லிட்டா அவ அங்கதான் பாய். ஷாரோனைச் சொல்றேன். நான் கீழ நின்னு இழுத்தா எம்பொண்ணு எட்டிப்பாக்குற தூரமா அது? சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க..."

கரண்ட் வந்தது. உள்ளே மின்விசிறி சுழல ஆரம்பித்தது. பொன்னுத்துரை திரும்பிப் பார்த்தார். படியில் தஸ்தகீர் இல்லை. மீன் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நாலாம் மாடிக்கு ஏறிப் போயிருந்தது.

"பாய்?" என்றார். மேலே எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது.

விசிறியை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். பிறகு சட்டையை மாட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினார். செபமாலை தொடங்குவதற்கு முன்னால் சாமியாரைப் பார்த்து, நாளைப் பூசையிலேயே முதல் ஓலையை வாசிக்கச் சொன்னார்.