கறுப்பன் மார்பிலே சிலுவை

டீ இருக்கட்டும் போதகரய்யா, ஆறினா பரவால்ல, மொதல்ல வெளிய பாருங்க. அந்தா, எங்க பனிவண்டிய இழுக்குற நாய்ங்க. மத்ததெல்லாம் பனியில சுருண்டு கெடக்கு, முன்னாடி ஓடுற கறுப்பன் மட்டும் மாப்பிள்ளை மாதிரி நிக்கிறான் பாத்தீங்களா? நெஞ்சுவாரு முழுக்க மணி, செவப்புக் கம்பளிக் குஞ்சம், நடு மார்புல வெள்ளை மணியில சிலுவை வேற.

அழகாத்தான் இருக்கு, யாரு இல்லைன்னா? ஆனா நாய் மேல சிலுவை போடலாமா? அது வேட்டையாடுன கடல் சீலோட குடலத் திங்குது, கண்ட எடத்துல காலத் தூக்குது. கர்த்தருக்கு அவமானமில்லையா? நாளைக்குக் கிறிஸ்துமஸ் ஆராதனையில நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எங்க வீட்டுக்காரர் எலைஜாசி கழட்டிருவாரு.

நானா? நான் தைக்கல. மத்த நாய்ங்க வாரெல்லாம் நான் தைச்சதுதான், வெறும் தோலு. எலைஜாசிக்கு அது போதாதாம். கடைக்கு வந்தா ஜனங்க கறுப்பனச் சுத்தி நின்னுக்கிட்டு, எலைஜாசி பொண்டாட்டிக்கு என்ன கைடான்னு சொல்றாங்க. இவரும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு வயிறு எரியுது.

கேக்காம இருப்பேனா? நரித்தோல் குடுத்து எவன்கிட்டயோ மாத்திக்கிட்டாராம். பொய்யி. இந்த வருஷம் வேட்டை நல்லா இருந்துச்சா, கறுப்பன் கொழுத்துட்டான். நான் தைச்ச பழைய வாரு மாட்டவே முடியல. இது ஒரு சுருக்கம் இல்லாம ஒட்டி நிக்குது. நாயப் பக்கத்துல நிக்க வச்சு, கையால அளந்து தைச்சிருக்கா. நரிப்பொறி பாக்கப் போறேன்னு இவரு ஓட்டிட்டுப் போன வண்டி அவ வாசல்ல நின்னிருக்கு.

யாரா? முடிச்சப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு எனக்கு. ஒரே விளக்குல ஒட்டி உக்காந்து தைச்சவங்க நாங்க. நிவியாக். ஞானஸ்நானம் வேணும்னா ஒரு பொண்டாட்டிதான்னு சொல்லி எங்க வீட்டுலேருந்து அனுப்ப வச்சீங்களே, அந்த ரெண்டாவது.

பூவோ மீனோ தைச்சிருந்தா நானே எப்பவோ அறுத்திருப்பேன். தெரிஞ்சுதான் சிலுவை போட்டிருக்கா. கத்தியோட போனேன், சிலுவைய அறுத்தா பாவமாச்சேன்னு திரும்பி வந்துட்டேன்.

இந்தாங்க கத்தி, புடிங்க. நீங்க அறுங்க.