பதினோரு பாட்டில் பிசுக்கு

சிம்னி ஃபில்ட்டரைக் கழுவ வெந்நீர்தான் சரி. பச்சைத் தண்ணீரில் எவ்வளவு சோப்பு போட்டாலும் பிசுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. கொதிக்கக் கொதிக்க நீர், அதில் இரண்டு கரண்டி சமையல் சோடா, இருபது நிமிடம் ஊறல், அப்புறம் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். வலையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் வலை நெளிந்துவிடும். உங்கள் வீட்டில் சிம்னி இருக்கிறதா மேடம்? யார் கழுவுகிறார்கள்? சொல்ல வேண்டாம். நீங்கள் யோசித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

நான் லிஃப்ட் பராமரிப்பு மேற்பார்வையாளன். இருபத்தேழு வருட அனுபவம். என் பொறுப்பில் இருந்த எந்த லிஃப்டும் விழுந்ததில்லை. விழாத லிஃப்டுக்காக யாரும் எனக்கு நன்றி சொன்னதுமில்லை. அதில் வருத்தமில்லை, எங்கள் பிழைப்பு அப்படி. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும். தேய்ந்த கயிறோ கருகிய ஸ்விட்சோ எதுவானாலும் அவர் அதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பராமரிப்பு அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத வேலை செய்யாத வேலை. இதை எத்தனையோ மெக்கானிக்குகளின் காதில் ஓதியிருக்கிறேன்.

எங்கள் சமையலறைக்குச் சிம்னி வந்து நான்கு வருடம் ஆகிறது. வதக்கும்போதெல்லாம் என் மனைவிக்கு இருமல் வந்துகொண்டிருந்தது, அதனால் வாங்கினோம். கையேட்டை இரண்டு முறை படித்தேன். முதல் நாளே அவளை நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் சிம்னியைப் போடு. அணைத்த பிறகு பத்து நிமிடம் ஓட விடு. தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி வெளியே வரக் கூடாது. எண்ணெய் காயும்போது பக்கத்திலேயே நில். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை. எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றாள். சும்மா சொல்லக் கூடாது, சொன்னபடியே நடந்தாள். நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட எண்ணெயைக் காய வைத்துவிட்டுப் போனதில்லை. இதை அவளுக்குச் சாதகமாக நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

சுத்தம் செய்வதை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, காலை பத்து மணிக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிவிடுவேன். அலமாரிக் கதவின் உட்புறம் ஓர் அட்டை மாட்டினேன். தேதி, செய்த வேலை, செய்தவர், வாடிக்கையாளர் என்று நான்கு கட்டங்கள். சிம்னியின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், வடிகிற எண்ணெயெல்லாம் அதில் சேரும். அதைக் கொட்டாமல் பாட்டிலில் ஊற்றி, லேபிள் எழுதி, பரணில் வைத்தேன். பழைய பாகத்தைக் காட்ட வேண்டுமல்லவா? முதல் பாட்டில் நிறைந்ததும் அவளிடம் காட்டினேன்.

"ஐயே, இதை எதுக்குங்க பத்திரப்படுத்தி வெச்சிருக்கீங்க? கொட்டுங்க முதல்ல."

"பாத்தியா? பாத்துட்டேன்னு இங்க ஒரு கையெழுத்துப் போடு."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள கையெழுத்தாம் கையெழுத்து. நல்லா இருக்கு போங்க!"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அடுத்த வாரம் பார்த்தால் அதே அட்டையின் ஓரத்தில் "உப்பு, சோப்பு, பல்பு" என்று எழுதியிருந்தாள். நான் கடைக்குப் போய் மூன்றையும் வாங்கி வந்தேன். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. நான்கு வருடத்தில் பதினோரு பாட்டில் நிறைந்தது, அந்தக் கட்டம் நிறையவில்லை.

இப்போது அந்த மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன். எங்கள் அலுவலக ஸ்டோர் கீப்பரை நாங்கள் 'சவுண்டு' என்று கூப்பிடுவோம். அவர் மூன்றாம் மாடியில் இரகசியம் பேசினால் தரைத் தளத்தில் குறிப்பெடுக்கலாம். ஒரு விடுமுறை நாளில் அவர் சாப்பிட வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிற ஒருவரைக் கிழி கிழியென்று கிழித்தார். "அவன் வீட்ல அவன்தான் பாத்திரம் தேய்க்கிறானாம்! டஜன் வளையல் வாங்கி அனுப்பலாமான்னு யோசிக்கிறேன்." நானும் சிரித்தேன். விருந்தாளி சிரிக்கும்போது சிரிப்பதுதான் மரியாதை.

கை கழுவச் சமையலறைக்குப் போனவர் சிம்னியைப் பார்த்து நின்றுவிட்டார். "என்னம்மா இது, நேத்து வாங்கின மாதிரி மின்னுது! யார் தேய்க்கிறது?"

என் மனைவி என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள். "அது ஆட்டோ க்ளீன் மாடல்ணே. தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கும்."

"அப்படியா! உலகம் எங்கேயோ போயிடுச்சு," என்றார் சவுண்டு.

என் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. அதை மெதுவாக மேசையில் வைத்தேன். அன்று மாலை, அட்டையில் இருக்கிற தேதிகளை எண்ணிப் பார்த்தேன். நூற்றிரண்டு ஞாயிறுகள். நூற்றிரண்டு முறை நான் அந்தத் தரையில் மண்டியிட்டிருக்கிறேன். என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டவளே அவள்தான். அவள் ஒரே வாக்கியத்தில் என்னை ஆளே இல்லை என்று ஆக்கிவிட்டாள்.

ஏன் கேட்கவில்லை, சண்டை போட்டிருக்கலாமே என்கிறீர்கள். எனக்குச் சண்டை போட வராது மேடம். எங்கள் திருமண வாழ்வில் நான் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

நான் செய்தது இதுதான். கழுவுவதை நிறுத்தினேன். தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் பொருளில் இன்னொருவன் கை வைப்பது முறையல்ல. ஞாயிறு பத்து மணிக்கு வழக்கம்போல் வெந்நீர் வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டேன். அரை மணி நேரம் பிரஷ்ஷை வாளியில் போட்டு ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். அது தானாகச் சுத்தமாகிறது என்று அவள் நிஜமாகவே நம்பியிருந்தால் எதற்காக அப்படி நடித்தீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். பழக்கம்தான். அதை எழுத வேண்டாம், விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "என்னங்க, சிம்னி சத்தம் ஒரு மாதிரி இருக்கே. பாத்தீங்களா?"

"பாத்தாச்சு."

"நீங்க பாத்தாச்சுன்னா சரி."

நான் சொன்னது பொய்யல்ல. பார்த்திருந்தேன். ஃபில்ட்டர் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. ஆனால் வேகம் போதவில்லை. அவள் எண்ணெய் விஷயத்தில் சிக்கனம். இந்தப் போக்கில் விட்டால் அவளுக்குப் புரிவதற்குள் எனக்கு ஓய்வு வயது வந்துவிடும். அப்போதுதான் பரண் ஞாபகம் வந்தது.

இந்த இடத்தை நிதானமாகக் கேளுங்கள், இதில்தான் எல்லோரும் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். நான் வெளியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கொண்டு வரவில்லை. அந்தப் பதினோரு பாட்டிலில் இருந்தது முழுக்க அந்த அடுப்பிலிருந்து, அவள் கையால் வந்தது. நான் மட்டும் நடுவில் இல்லாமல் இருந்திருந்தால் அது எங்கே இருந்திருக்குமோ அங்கேயே திரும்ப வைத்தேன். அவள் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை பகல் முழுவதும் அந்த வேலையாகத்தான் இருந்தேன். ஃபில்ட்டரின் மேல்பக்கம், உட்புறம், புகைக்குழாயில் கை எட்டும் தூரம் வரைக்கும். அதே பிரஷ்தான். வெளியே பளபளவென்று துடைத்துவிட்டேன். பாட்டில்களைக் கழுவி வெயிலில் காய வைத்து, வரிசை மாறாமல் பரணில் அடுக்கினேன். லேபிளைக் கிழிக்க மனம் வரவில்லை. உங்கள் ஆட்கள் அதைப் பார்த்துத்தான் என்னைப் பிடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். லேபிள் எழுதினால் அப்படித்தான் எழுத வேண்டும்.

தீயணைப்பானைப் பற்றிக் கேட்டீர்கள். சமையலறைச் சுவரில் சிவப்பாக ஒன்று மாட்டியிருந்தது, உண்மைதான். காலாவதித் தேதி கடந்து ஆறு நாள் ஆகியிருந்தது. காலாவதியானதை மாட்டி வைப்பது ஆபத்து. ஆள் அதை நம்பிவிடுவார். அதனால் கழற்றி என் அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். புதிதுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், அடுத்த வாரம் வரும்.

நான் நினைத்தது ஒரு சின்னத் தீ. ஒரு பாடத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். அவள் பயந்துபோய் ஓடி வருவாள். நான் எழுந்து போய் அணைப்பேன். பிறகு ஃபில்ட்டரைக் கழற்றி, அவள் கண் முன்னால் பிடித்து, "இது தானா சுத்தமாகுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அவள் முகத்தில் ஈயாடாது. அட்டையை நீட்டுவேன். கையெழுத்துப் போடுவாள். பேனாகூடச் சட்டைப் பையில் தயாராக இருந்தது.

நடந்தது மறு வாரம் செவ்வாய்க்கிழமை. நான் விடுப்பில் இருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து, விட்டுப்போன அட்டைப் பதிவுகளை நேர்ப்படுத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நாற்பதுக்கு உள்ளே ஒரு சத்தம். "என்னங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து "என்னங்க, இங்க வாங்களேன்" என்றாள். மூன்றாவது முறை சொல்லாக வரவில்லை. முதல் கூப்பிடலுக்கே எழுந்து ஓடினால் பாடம் பாதியில் நின்றுவிடும் என்று நினைத்து, எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தேன். மூடியைப் போட்டுப் பேனாவைப் பையில் செருகினேன். எழுந்து போனபோது, மேலே இருந்ததெல்லாம் எரிந்துகொண்டே கீழே இறங்கியிருந்தது. அவள் அடுப்பைவிட்டு நகரவில்லை. கேஸை மூடிவிட்டுத்தான் நகர்வேன் என்று திருகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

போர்வையைப் போட்டு நான்தான் அணைத்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், யாரும் இதைச் சொல்லுவதில்லை.

ஒன்பது நாள் இருந்தாள். வெளியூரில் படிக்கும் எங்கள் மகள் வந்து பக்கத்திலேயே கிடந்தாள். நான்காம் நாள் மகள் அவளிடம் கேட்டாள். "எப்படிம்மா பிடிச்சுது? சிம்னிய யாரும் க்ளீன் பண்றதே இல்லையா?"

"அப்பா பண்ணுவாருடி. ஒரு ஞாயிறு தவறினதில்ல," என்றாள் அவள். பேச்சு விட்டு விட்டு வந்தது. "அந்த ஆளு வளையல் கிளையல்னு கிண்டல் பண்ணுவாரேன்னு, ஆட்டோ க்ளீன்னு ஒரு பொய் சொன்னேன். அப்புறமா அவர்கிட்ட சொல்லிச் சிரிக்கலாம்னு இருந்தேன். வேலையில மறந்தே போச்சு."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் கம்பியில் தூசு இருப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது வலி மருந்து ஏறிக்கொண்டிருந்தது மேடம். அந்த நிலையில் சொல்வதை எந்த ஆய்விலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துக்கொண்டாலும், இப்படி ஒன்றை மனதில் வைத்திருப்பவள் அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? இரண்டு மாதம் ஒரே கூரையின் கீழ்தானே இருந்தோம். எனக்கு அவள் மேல் இருக்கிற ஒரே வருத்தம் அதுதான்.

சரி, நீங்கள் கேட்டபடி ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், டைப் அடிப்பவருக்கும் வசதி. பிசுக்கைப் பூசியது நான். தீயணைப்பானை எடுத்துப் போனது நான். அவள் கூப்பிட்டபோது வரியை முடித்துவிட்டு எழுந்தது நான். அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. நான் செய்கிற வேலையை அவள் ஒரு முறை கவனிக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். ஒரு வீட்டுக்காக உழைக்கிறவன் அதைக்கூட எதிர்பார்க்கக் கூடாது என்றால் எங்கே போய்ச் சொல்வது? எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

இன்னும் ஒரே ஒரு விவரம் வேண்டும் என்கிறீர்கள். அன்று வாணலியில் என்ன பொரிந்துகொண்டிருந்தது என்றா? தெரியாது மேடம். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன், அதனால் எனக்காகத்தான் எதையோ செய்திருப்பாள். இருபத்து மூன்று வருடமாக மூன்று வேளையும் சாப்பாடு தட்டில் வரும், சாப்பிட்டுவிட்டு எழுந்து போவேன். அதையெல்லாமா ஒருவன் கவனித்துக்கொண்டிருப்பான்?