இருளாயி கைமண்ணு

நான் சொல்றது இன்னைக்கு நேத்து நடந்ததில்ல. என் பாட்டனுக்குப் பாட்டன் கோவணம் கட்டாமத் திரிஞ்ச காலம். காரைமேட்டுப்பட்டி, இதே எங்க ஊருதான். மழை முகத்தப் பாத்து வருசக்கணக்காச்சு. ஊருணியில தண்ணி போயி, அடியில பச்சைப் பசேல்னு சேத்துத்தண்ணிதான் கெடந்துச்சாம். அதத்தான் சீலைத்துணியில வடிச்சுக் குடிச்சாகளாம். ம் கொட்டுங்கப்பா. கொட்டாட்டி எந்திரிச்சுப் போயிருவேன், நான் கோவக்காரன்.

பாதிச் சனம் மூட்டைய கட்டிக்கிட்டு ஆத்துப்பக்கம் போயிருச்சு. மிச்சப் பாதி, போறதா இருக்கறதான்னு நின்னுச்சு. அப்பத்தான் சோணைமுத்துங்கறவன், "எவரும் போக வேணாம், நான் கெணறு வெட்டுறேன்"னு மேற்குப் பொட்டல்ல மம்பட்டியப் போட்டானாம். கெணறு வெட்டுறதுல கெட்டிக்காரன். அவன் பொஞ்சாதிதான் இருளாயி. கதை அவளோடது. அவனச் சாமியாக்கிப் பேசுற ஆளுக உண்டு, அந்தப் பேச்சு என்கிட்ட வேணாம்.

சோணைமுத்து உள்ள எறங்கி வெட்டுவான். மேல நிக்கற சனம் வடத்தப் பிடிச்சு மண்கூடைய இழுக்கும். இழுக்கும், கொட்டும், எறக்கும். இழுக்கும், கொட்டும், எறக்கும். மேல்மண்ணு போச்சு, சரளை போச்சு, சுக்கான் பாறை வந்துச்சு. வெட்டுறான், வெட்டுறான், வெட்டிக்கிட்டே இருக்கான். வந்ததெல்லாம் பொடி. ஊதுனாப் பறக்கற பொடி. விடியக்காலம் வந்த ஆளு வெயிலேறி வந்தான். வெயிலேறி வந்த ஆளு வராமயே போனான். வடம் பிடிக்கக் கை பத்தல. இருளாயியும் அவ தங்கச்சி ராக்குவும் முந்தானைய இறுக்கிச் சொருகிக்கிட்டுப் பிடிச்சாக. ராக்குவுக்குக் கைப்புள்ள. இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கல. வேலமரத்துத் தொட்டில்ல போட்டுட்டு வந்து வடம் பிடிப்பாளாம்.

ஒருநா மத்தியானம், கூடை மேல வந்துச்சு. ஊருக்குத் தலைவரு அம்பலம், சும்மா கையவிட்டுக் கெளறுனாரு. கெளறுனவரு அப்படியே நின்னுட்டாரு.

"ஏய்... ஈரம்! ஈரம்டா டேய்!"

என்னா சத்தங்கறீக! குலவை போடுறாக. குதிக்கறாக. ஒருத்தி அந்த மண்ண எடுத்து நெத்தியில இட்டுக்கிட்டாளாம். அது என்ன ஈரம் தெரியுமா? சோணைமுத்துவோட வேர்வை. குனிஞ்சு மண்ண அள்ளையில முகத்துலருந்து கொட்டுன வேர்வை. கீழ நின்னவனுக்கு அது தெரியும். ஆனா மேல போடுற குலவையும் காதுல விழுகுது. எத்தன நாளா இழவு வீடு மாதிரி கெடந்த மேட்டுலருந்து குலவை வருது. வாயத் தொறந்து இல்லன்னு சொல்லணும்ல? சொல்லலையே அவன்.

அன்னைக்குச் சாயங்காலம் வர வடம் நிக்கவே இல்ல. மறுநா விடியுமுன்ன, வராமப் போனவனெல்லாம் வந்து நிக்கறான். ஆனா அன்னைக்கு வந்த மண்ணு பூராப் பொடி. மத்தியானமாக ஆக, பேச்சு கொறஞ்சு போச்சு. வடம் தொய்யுது. கீழ நிக்கறவனுக்கு வடம் தொய்யறது தெரியாதா? அந்த நேரம் பாத்து ஒரு கூடை மேல வந்துச்சு, அதுல ஒரு பிடி ஈரம். குலவை! வடம் விறைச்சு நின்னுச்சு. அப்பறம் தெனமும் அப்படித்தான். தெனமும் ஒரு பிடி ஈரம். அந்த ஒரு பிடியப் பாத்துட்டுத்தான் சனம் வீட்டுக்குப் போகும், அந்த ஒரு பிடிய நெனச்சுக்கிட்டுத்தான் காலையில எந்திரிக்கும்.

இருளாயிக்குச் சந்தோசம் தாங்கல. புருசனுக்குக் குடிக்க ஒரு கலயம் நீச்சத்தண்ணி கயித்துல எறக்கிவிடுவா. குதிரைவாலிச் சோத்த ஊறவச்ச தண்ணி. ஒருநா அந்த ஈரமண்ண அவளே கையில வாங்குனா. வாங்கி மூக்குப் பக்கம் கொண்டுபோனா. புளிச்ச வாசம். உள்ளங்கையில பரப்புனா. மண்ணோட மண்ணா ஒரு பருக்கை. குதிரைவாலிப் பருக்கை.

தான் எறக்கிவிட்ட தண்ணிதான் அதுன்னு அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. சுத்தி அத்தன சனம். "என்ன மதினி, நல்ல ஈரமா?"ன்னு கேக்குது. அவ என்ன செஞ்சாங்கறீக? அந்தப் பருக்கைய மண்ணோட எடுத்து வாயில போட்டு முழுங்கிட்டா. "நல்ல ஈரம்"னுட்டா.

வீட்டுக்கு வந்து புருசன் சட்டையப் பிடிக்காத கொறைதான். "என்ன காரியம்யா செய்யிற? நாக்கு ஒட்டி, ஒதடு வெடிச்சு வர்றியே, குடிக்கக் குடுத்த தண்ணிய மண்ணுல ஊத்தறியா?"

"கத்தாத புள்ள. இன்னைக்கு ஈரம் இல்லன்னா நாளைக்கு எவன் வடம் பிடிப்பான்? அவுக மனசுக்கு ஒரு பிடி வேணுமில்ல. இந்தா, பாறை தாண்டிட்டா நெசமாவே வந்துரும்."

"வராட்டி?"

அவன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. ஆனா குலவை போட்ட மூஞ்சிகளும் கண்ணுக்குள்ள நின்னுச்சு. மறுநா காலையில அவ என்ன செஞ்சா? நீச்சத்தண்ணியப் பருக்கை இல்லாம வடிகட்டிக் கலயத்துல ஊத்துனா. போச்சு. அம்புட்டுத்தான். அந்த நிமிசத்துலருந்து அவளும் கூட்டு.

அடுத்து வந்தா ராக்கு. புள்ளைய இடுப்புல இடுக்கிக்கிட்டு அக்கா வீட்டு வாசல்ல நிக்கறா.

"அக்கா, நாளைக்கு வெள்ளன எங்க வீட்டுச்சனம் ஆத்துப்பக்கம் வண்டி கட்டுது. புள்ளைக்கு இந்தத் தண்ணி ஒத்துக்கல, வகுத்தால போகுது. நீ ஒரு வார்த்தை சொல்லு. நெசமாவே ஈரம் இருக்கா? இருக்குன்னா இருந்துர்றேன். இல்லாட்டி வண்டியில ஏறிர்றேன்."

கூடப்பொறந்தவ கேக்கறா. இருளாயி புள்ளையத்தான் பாத்தாளாம். அது அவ மூக்குத்திய எட்டிப் பிடிக்க வந்துச்சாம். இல்லன்னு சொன்னா இவ போவா. இவ போனா இவளப் பாத்து நாலு குடும்பம் போகும். வடம் நின்னுரும். கெணறு நின்னுரும். பாறையத் தாண்டிட்டா வந்துருமேன்னு அவளுக்கும் ஒரு நப்பாசை.

"இருக்குடி. இந்தா வந்துரும்."

ராக்கு வண்டியில ஏறல.

ம் கொட்ட மாட்டீகளா? சரி, கொட்ட வராதுதான். 

புள்ளைக்கு வகுத்தால நிக்கல. அந்தச் சேத்துத்தண்ணி தவிர, குடுக்கறதுக்கு நல்லதண்ணி ஒரு மடக்கு இல்ல. இருளாயி அலையா அலைஞ்சா. யாருகிட்டயும் இல்ல. ரெண்டு கண்ணும் உள்ள போயி, அழுகக்கூடத் தெம்பில்லாம, அந்தப் புள்ள ஆத்தா மடியிலயே அடங்கிப்போச்சு. பொட்டலுக்குக் கிழக்கால பொதைச்சாக.

பொதைச்சுட்டு வந்த சனம் வேற என்ன செய்யும்? போயி வடத்தப் பிடிச்சுச்சு. கூடை வந்துச்சு. அன்னைக்கும் ஒரு பிடி ஈரம். அம்பலம் அந்த மண்ண எடுத்துக்கிட்டு, சுருண்டு ஒக்காந்திருந்த ராக்குகிட்டப் போனாரு. "தாயி, பாரு, ஈரம் வந்துருச்சு. மனச விட்றாத"ன்னு அவ நெத்தியில இடப்போனாரு.

"இடாதீக!"ன்னு கத்துனாளாம் இருளாயி. "அது ஊத்துத்தண்ணி இல்ல. எங்க வீட்டுக்காரு குடிக்க நான் குடுத்தனுப்புன தண்ணி. ஆரம்பத்துலருந்தே ஈரம் இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இருந்தேன்."

ஒருத்தரும் அடிக்கல. ஒருத்தரும் வையல. அடிச்சிருந்தா அவளுக்கு ஆறியிருக்கும். கீழ இருந்தவன மேல இழுத்துவிட்டாக, வடத்தக் கீழ போட்டாக, அவுகஅவுக வீட்டுக்குப் போயி மூட்டையக் கட்டுனாக. ராக்கு கடேசியாத்தான் போனா. போகையில அக்கா மொகத்தப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டாளாம். "காஞ்சிருக்குன்னு சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்ல அக்கா?"

அப்பறம் அவ இந்த ஊரு எல்லைய மிதிக்கவே இல்ல.

சோணைமுத்து மறுநா எறங்குனான். கடப்பாரையத் தூக்குனான். தூக்க முடியல. நேத்து வரைக்கும் பாறையப் பொளந்தவன்தான், கை எழும்பல. அவன் ஊருக்குத் தெம்பு குடுக்கறதா நெனச்சான். அவன் ஓடுனது அந்தக் குலவையிலதான். அது நின்னதும் அவனும் நின்னுபோனான். அந்தக் கெணத்து மேட்டுலயே வெறிச்சு வெறிச்சு ஒக்காந்திருந்து, கொஞ்ச நாள்ல போய்ச் சேந்துட்டான்.

இருளாயி சாகல. சாவு வரலை, என்ன செய்ய. தலைமுடிய அள்ளிக்கூடச் சொருகாம, ஒத்தையில கெடந்தா. பிறகு எப்பவோ மழை பேஞ்சுச்சு. போன சனத்துல கொஞ்சம் திரும்புச்சு. ஊருக்குத் தெக்கால புதுசா ஒரு கெணறு வெட்டுனாக. வெட்ட வெட்டப் பொடி வந்துச்சு. ஒருத்தன் ஈரங்கறான், ஒருத்தன் இல்லங்கறான், யாரும் யாரையும் நம்பல. அப்ப அம்பலம் சொன்னாராம், "இருளாயியக் கூப்பிடுங்க. அவ கையில குடுங்க. இனிமே அவ நாக்குல பொய் வராது."

வந்தா. கூடைமண்ண உள்ளங்கையில வாங்குனா. ஆம்பளைகளப் பாத்துச் சொல்லல. அம்பலத்தப் பாத்துச் சொல்லல. கூட்டத்துல கைப்புள்ளையோட யார் நிக்கறாகன்னு தேடி, அவளுக்கு முன்னால போயி நின்னு சொன்னாளாம். "காஞ்சிருக்கு தாயி."

அது தண்ணி வராத கெணறாவே போச்சு. அதுக்குப் பெறகு வெட்டுன ஒண்ணுலதான் வந்துச்சு. ஆனா தெனமும் அவ தொட்டுச் சொன்னதக் கேட்டுட்டு, முடிஞ்சவுக வெட்டுனாக, முடியாதவுக கெளம்புனாக.

அந்த வழக்கத்துக்குத்தான் இருளாயி கைமண்ணுன்னு பேரு. இப்ப போர்வெல் வண்டி வந்து பூமியக் கொடையற காலம், இருந்தாலும் எங்க ஊருல மொதப் பொடிய ஒரு பொம்பளை கையிலதான் குடுப்போம். வண்டிக்காரப் பயலுக சிரிப்பானுக, சிரிக்கட்டும். கைப்புள்ளக்காரிக எல்லாரும் முன்னால வந்து நிக்கணும். அவுக கண்ணப் பாத்துத்தான் சொல்லணும். காஞ்சிருக்குன்னு சொல்லிட்டா, போக நெனக்கறவ அப்பவே புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போகலாம். இருந்து பாருன்னு ஒருத்தரும் அவளச் சொல்லக் கூடாது.